ஹோமர் படித்தவனுக்கு என்ன வேலை?

எங்கள் குடும்பத்தில் முதலில் லத்தீன் படித்தவர் அம்மாவின் பெரியப்பா. வட்டுக்கோட்டையில் இருந்தபடியே லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சை எழுதியவர். லண்டனைக் கண்டதில்லை. அந்தப் பல்கலைக்கழகம் 1858 இலேயே வகுப்புக்கு வராதவர்களுக்கும் பரீட்சையைத் திறந்துவிட்டது. 1865 இல் மொரீசியசில் தொடங்கி, குடியேற்ற நாடுகளுக்குக் கேள்வித்தாள் கப்பலில் போனது, விடைத்தாள் கப்பலில் திரும்பி வந்தது. விபுலாநந்த அடிகள் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றதும் இந்த வழியில்தான். பெரியப்பா சீசரின் போர்க்குறிப்புகளை மண்ணெண்ணெய் விளக்கில் மனப்பாடம் செய்தார். பாஸ் பண்ணினார், கிளாக்கர் வேலை கிடைத்தது, அன்றோடு சீசரைக் கைகழுவினார். லத்தீன் படித்து என்ன பிரயோசனம் என்று அவரிடம் ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. பிரயோசனம் கண்முன்னே சைக்கிளில் கந்தோருக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

என்னிடம் எல்லோரும் கேட்டார்கள்.

1990களின் தொடக்கத்தில் கிழக்கு லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் எனக்கு இரவு வேலை. அந்தக் காலத்தில் லண்டனுக்கு வந்த யாழ்ப்பாணத்துப் பெடியனுக்கு இரவில் பெற்றோல், பகலில் சீமா என்று விதி எழுதியிருந்தது. சீமா என்றால் கணக்கியல் பரீட்சை. பத்துப் பேர் ஒரு வீட்டில் இருந்தால் எட்டுப் பேரின் தலையணைக்குக் கீழே சீமா புத்தகம் இருக்கும். ஒன்பதாவது ஆள் கம்ப்யூட்டர் படிப்பான். நான் திறந்த பல்கலைக்கழகத்தில் பழங்கால கிரேக்கமும் ரோமும் படிக்கப்போகிறேன் என்று சொன்னபோது, எனக்கு வேலை எடுத்துத்தந்த சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"தம்பி, உதைப் படிச்சு என்ன செய்யப்போறீர்?"

"சும்மா ஒரு விருப்பம், சித்தப்பா."

"விருப்பத்துக்குப் படம் பாரும். படிப்பு வேலைக்கு."

அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு ஊரில் இருந்த வீடும் போய், இங்கே இரண்டு வேலை செய்துகொண்டிருந்தார். ஆனால் அவர் சொன்ன அந்த வசனத்தை அதற்குப் பிறகு நான் எங்கெங்கே, யார் யார் வாயால் கேட்டேன் என்று சொன்னால் அவரே சிரிப்பார்.

எல்லோரும் ஓ.யூ. என்று சொல்லும் அந்தத் திறந்த பல்கலைக்கழகத்தின் பிறப்பே ஒரு பகிடிக் கதை. 1963 இல் தொழிற்கட்சித் தலைவர் ஹரல்ட் வில்சன் கிளாஸ்கோவில் ஒரு பேச்சில் வானொலி, தொலைக்காட்சி வழியாக ஒரு பல்கலைக்கழகம் என்றார். ஜெனி லீ என்ற அமைச்சர் விடாப்பிடியாக நின்று அதை உருவாக்கினார். 1969 இல் அரச பட்டயம் கிடைத்தது. முன்தகுதி எதுவும் கேட்காமல் யாரையும் சேர்ப்பதாவது என்று எதிர்க்கட்சிக்காரர்கள் எள்ளி நகையாடினார்கள். அடுத்த வருடமே அவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். கல்வி அமைச்சராக மார்கரெட் தாட்சர் வந்தார். பள்ளிப் பிள்ளைகளின் இலவசப் பாலை நிறுத்திய அந்த அம்மா, ஓ.யூ.வை விட்டுவைத்தார். 1971 ஜனவரியில் சுமார் 25,000 பேரோடு படிப்பு தொடங்கியது. அதே மாதம் பிரித்தானியத் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பாடமெல்லாம் தபாலில் போகவேண்டிய பல்கலைக்கழகம் பிறந்ததும் ஏழு கிழமைக்குத் தபாலே இல்லை.

நான் சேர்ந்தபோது தபால் ஒழுங்காக வந்தது. பழுப்பு அட்டைப் பெட்டி ஒன்று, வீட்டுக் கதவின் துவாரத்தில் நுழையாத பருமன். காலை வேலை முடிந்து வந்து, நித்திரை கொள்ளாமல் தபால் நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்று எடுத்துவர வேண்டும். உள்ளே பாடநூல்கள், பிபிசி ஒளிபரப்பு நேர அட்டவணை, ஒலிநாடாக்கள், கார்பன் தாள் வைத்த ஒப்படைப்புப் படிவங்கள். கட்டுரையை எழுதி முடித்து அந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்து தபாலில் போட்டு, போட்டதற்கு ஒரு அத்தாட்சித் துண்டும் வாங்கி வைக்க வேண்டும். திருத்தி வரும்போது ஓரங்களில் சிவப்பு மையில், படிக்க முடியாத கையெழுத்தில், ஆசிரியர் என்னோடு சண்டை பிடித்திருப்பார். அதைப் படித்து முடிக்க ஒரு நாள் வேண்டும்.

பிபிசி 2 இல் நிகழ்ச்சிகள் வரும். வேறு யாருக்கும் தேவைப்படாத நேரம் பார்த்து ஓ.யூ.வுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஊரெல்லாம் தூங்கும்போது எக்காளச் சத்தத்தோடு ஒரு தாடிக்காரப் பேராசிரியர் வந்து தூண் தலைப்புகளை விளக்குவார். இரவு வேலைக்காரனுக்கு அது வசதி என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை, அந்த நேரம் நான் பெற்றோல் விற்றுக்கொண்டிருந்தேன். அறைத் தோழன் ஒருவனிடம் விசிஆரில் பதிவுசெய்யச் சொல்லி வைப்பேன். பார்த்தெனோன் கோயிலின் பின்புறம் வரும் கட்டத்தில் படம் ஒரு தடவை துடித்துவிட்டு ரஜினிகாந்தாக மாறும். அவன் தன் ரேப்பைக் காப்பாற்றிக்கொண்டான். கடைசி ஓ.யூ. நிகழ்ச்சி 2006 டிசம்பரில் ஒளிபரப்பானது. ஒரு காலம் முடிந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. என் காலம் அந்த ரேப்போடு முடிந்திருந்தது.

ஆனால் படிப்பு நடந்த இடம் அந்தப் பெற்றோல் நிலையம்தான். நள்ளிரவுக்கு முன்பே கதவைப் பூட்டிவிடுவோம். கனத்த கண்ணாடிக்குக் கீழே ஒரு இழுப்பறை இருக்கும். வாடிக்கையாளர் காசைப் போடுவார், நான் சிகரெட்டை வைத்துத் தள்ளுவேன். இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் அந்த இழுப்பறை அசையாது. கல்லாவுக்குப் பக்கத்தில், எண்ணெய் டப்பாக்களின் விலைப்பட்டியலுக்கு அடியில், ஹோமரின் ஒடிசி இருந்தது: ஈ. வி. ரியூ உரைநடையில் பெயர்த்தது, 1946 இல் பெங்குவின் கிளாசிக்ஸ் வரிசையின் முதல் புத்தகமாக வந்தது. சரிட்டிக் கடையில் வாங்கிய பிரதி. முன் அட்டையில் ஒரு தேநீர்க் கோப்பையின் வட்டம்.

அதைப் படிக்கும்போது நான் செய்த ஆராய்ச்சி எந்தக் கட்டுரையிலும் எழுதக்கூடியதாக இருக்கவில்லை. பைலோஸ் கரையில் இறங்கும் அந்நியர்களுக்கு அரசர் நெஸ்டர் முதலில் சாப்பாடு போடுகிறார். வயிறு நிறைந்த பிறகுதான் கேட்கிறார்: நீங்கள் யார், வியாபாரிகளா, கடற்கொள்ளைக்காரரா? ஃபயேக்கியர் நாட்டில் கதாநாயகன் ஒடிசியஸுக்குக் குளிப்பு, சாப்பாடு, விளையாட்டுப் போட்டி, பாட்டு எல்லாம் முடிந்த பிறகே பெயர் கேட்கிறார்கள். கொள்ளைக்காரனாக இருந்தாலும் பரவாயில்லை, பட்டினியாக இருக்கக்கூடாது. லண்டனுக்கு வந்தபோது என்னை விசாரித்த குடிவரவு அதிகாரி பெயர், பிறந்த திகதி, வந்த பாதை எல்லாம் கேட்டு எழுதி முடித்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்று. ஒடிசியஸ் ஊர் திரும்பியதும் தான் யார் என்பதற்கு ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு கதை சொல்கிறான். அதீனா தேவியிடம் ஒன்று, பன்றி மேய்ப்பவனிடம் ஒன்று, சொந்த மனைவியிடம் இன்னொன்று. மூன்றிலும் தான் கிறீட் தீவுக்காரன் என்கிறான்; கதை மட்டும் வேறு. கிழத் தகப்பனிடம் போகும்போது ஊரும் மாறிவிடுகிறது. ஒற்றைக்கண் அரக்கனிடம் தன் பெயரே 'யாருமில்லை' என்று பதிவு செய்தவன் வேறு. பெற்றோல் நிலையத்தில் எனக்குப் பின் வேலைக்கு வரும் நண்பனிடம் இதைச் சொன்னேன். அவனுடைய அகதி வழக்கு மேன்முறையீட்டில் இருந்தது. "முதல் நேர்காணலிலேயே அவனுக்கு ரிஜெக்ட்" என்றான். இருபது வருடம் ஊரைப் பிரிந்திருந்தவனைப் பற்றி அவ்வளவு சுருக்கமான விமர்சனத்தை நான் எந்த அறிஞரிடமும் பிறகு கேட்கவில்லை.

கோடையில் ஒரு கிழமை வேறொரு பல்கலைக்கழக வளாகத்தில் தங்கிப் படிக்க வேண்டும். அந்த ஒரு கிழமைக்கு முதலாளியிடம் விடுமுறை கேட்டபோது "யார் செத்தது?" என்று கேட்டார். பஸ் சாரதி, தாதி, ஓய்வுபெற்ற பொலிஸ்காரர், நாலு பிள்ளைகளின் தாய், நான்: இவ்வளவு பேரும் ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் சரியா பிழையா என்று மதுக்கடையில் மேசையில் தட்டி வாதாடினோம். பொலிஸ்காரர் ஏதென்ஸ் நகர நீதிமன்றங்களைப் பற்றிச் சொன்னதை எந்தப் புத்தகத்திலும் காணவில்லை. அது அச்சில் வரக்கூடியதும் அல்ல.

ஒருவழியாகப் பட்டம் வந்தது. அந்நாள் ஓ.யூ. பட்டத்தில் பாடத்தின் பெயர் போடுவதில்லை, வெறும் பி.ஏ. என்றுதான் இருக்கும். அது சித்தப்பாவுக்குப் பெரிய உதவி. கலியாண வீடுகளில் "தம்பி மனேஜ்மென்ற் முடிச்சிட்டார்" என்று சொல்லிவிட்டார். பிறகு உள்ளூராட்சிச் சபையின் வீட்டுவசதிப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தபோது, நேர்முகத்தில் பட்டம் உண்டா என்று மட்டும் கேட்டார்கள். எதில் என்று கேட்கவில்லை. பெரியப்பாவைப் போல நானும் கிளாக்கர். கிரேக்கம் கைகொடுத்தது என்று சொன்னால் பொய்யாகாது.

இது அந்தக் காலம். இந்தக் காலத்துக்கு வருவோம்.

பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போனபின், கோவிட் அடங்கியதும், அதே ஓ.யூ.வில் முதுகலைக்குச் சேர்ந்தேன். இங்கிலாந்தில் 60 வயது ஆகுமுன் தொடங்கினால் முதுகலைக்கு அரசு கடன் தரும். அதைத் தாண்டினால் பிளேட்டோவைச் சொந்தக் காசில் படிக்க வேண்டும். நான் எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றேன். கட்டணம் என்று பார்த்தால் நான் முதலில் படித்த உலகமே வேறு. 2008 இலிருந்து, ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர் அதே நிலையில் இன்னொன்று படிக்க வந்தால் அவருக்கான மானியத்தை இங்கிலாந்தில் நிறுத்தினார்கள். 2012 இல் கட்டணத்தை உயர்த்தினார்கள். இங்கிலாந்து மாணவருக்கு ஒரு முழு வருடப் படிப்பு அப்போது 5,000 பவுண் ஆனது. விருப்பத்துக்குப் படிக்கும் தாதியும் பஸ் சாரதியும் அதோடு குறைந்துபோனார்கள். இங்கிலாந்தில் இருந்த ஏழு பிராந்திய அலுவலகங்களை மூட 2015 இல் முடிவெடுத்தார்கள்.

இப்போது பெட்டி வராது, கடவுச்சொல் வரும். லோப் நூல்வரிசையின் பச்சை அட்டைக் கிரேக்கமும் சிவப்பு அட்டை லத்தீனும் முன்பு நூலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து வாங்கும் பொருள். 2014 முதல் இணையத்தில் முழு வரிசையும். பெர்சியஸ் தளத்தில் ஹோமரின் எந்தச் சொல்லைத் தொட்டாலும் அதன் இலக்கணம் விரியும். இதைக் குறைசொல்லி ஒரு பெருமூச்சு விடுவதுதான் என் வயதுக்காரருக்கு வழக்கம். நான் விடமாட்டேன். இரவு மூன்று மணிக்கு ஒரு வினைச்சொல்லின் அடி தெரியாமல் இழுப்பறையையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இதன் அருமை தெரியும்.

இணைய வகுப்புதான் வேடிக்கை. "நான் பேசுவது கேட்கிறதா?" என்று ஆசிரியை கேட்பார். அரட்டைப் பெட்டியில் ஒருவர் ஆம் என்பார், ஒருவர் இல்லை என்பார். கமரா எல்லாம் மூடியிருக்கும். ஹோமரின் பாதாள உலகக் காட்சி அன்றைய பாடம். பெயர் மட்டும் உள்ள நிழல்களிடம் ஆசிரியை கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ஒடிசியஸாவது ஆட்டு இரத்தம் ஊற்றி நிழல்களைப் பேசவைத்தான். அவருக்கு அந்த வசதியும் இல்லை. ஒப்படைப்பு நாளன்று நண்பகல் 12 மணி கெடு. பதினொன்றரைக்கு வீட்டு இணையம் நின்றுவிட்டால், அத்தாட்சித் துண்டு தர அங்கே ஒரு தபால் அதிபரும் இல்லை.

மாறாதது, படித்து என்ன செய்யப்போகிறாய் என்ற அந்தக் கேள்வி ஒன்றுதான். ஆனால் கேட்கும் ஆள் மாறிவிட்டது.

2023 இல் பிரதமர் ரிஷி சுனக், படித்து முடித்தவருக்கு நல்ல வேலை தராத பட்டப்படிப்புகளில் மாணவர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவோம் என்றார். தொலைக்காட்சியில் அதைக் கேட்டபோது எனக்குக் குரல் பழக்கமானதாகப் பட்டது. சித்தப்பா முப்பது வருடம் முந்திச் சொன்னதை அரசு அப்போதுதான் கொள்கையாக்கியது. 2025 ஜனவரியில் கார்டிஃப் பல்கலைக்கழகம் பழங்கால வரலாற்றுப் படிப்பை மூடும் யோசனையை வெளியிட்டது. அடுத்த மாதம், அரசுப் பள்ளிகளில் லத்தீன் கற்பிக்க முந்திய அரசு 40 இலட்சம் பவுண் அறிவித்துத் தொடங்கிய திட்டத்தைத் தொழிற்கட்சி அரசு, வில்சனின் அதே கட்சி, கல்வியாண்டின் நடுவிலேயே நிறுத்தியது. முந்திய பிரதமர்களில் ஒருவரான பொரிஸ் ஜோன்சன் ஒக்ஸ்ஃபோர்டில் கிரேக்கமும் லத்தீனும் படித்தவர். பதவி விலகும்போது, ஏருக்குத் திரும்பிய ரோமானிய சின்சினாட்டஸோடு தன்னை ஒப்பிட்டுப் பேசினார். அந்தக் கதையில் சின்சினாட்டஸ் மறுபடி சர்வாதிகாரியாக அழைக்கப்பட்டதை அவர் சொல்லவில்லை. லத்தீன் படித்தவருக்கு என்ன வேலை என்பதற்கு அதுவும் ஒரு விடை.

இதற்கிடையில் சித்தப்பாவின் பேத்தி ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே லத்தீன் உண்டு. இங்கிலாந்தில் தனியார் பள்ளிகளில் கிட்டத்தட்டப் பாதியில் பதினான்கு வயதுக்குள் லத்தீன் கற்பிக்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. இது சித்தப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. சென்ற தைப்பொங்கலுக்குப் போனபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"தம்பி, சின்னவள் லத்தீன் படிக்கிறாள். உமக்குத் தெரியும்தானே, கொஞ்சம் சொல்லிக் குடும்."

"அதைப் படிச்சு என்ன செய்யப்போறாள், சித்தப்பா?"

"என்ன கதை கதைக்கிறீர்? லத்தீன் இல்லாமல் பெரிய இடங்களுக்குப் போகேலுமே?"

வெள்ளைக்காரர் கைவிட்ட இடத்தில் நாங்கள் கையைப் போட்டிருக்கிறோம். பெரியப்பா காலத்துக் கணக்குத்தான் இது, விலை மட்டும் கூடிவிட்டது.

இந்த இரண்டாம் படிப்பில் என்னை இழுத்துப் பிடித்தது மிளகு. முதல் படிப்பில் இந்தியா ஒரு வரியில் வந்து போகும். நான் அப்போது என்பாட்டுக்கு ஏதென்ஸில் இருந்தேன், எதிர்த்துக் கேட்கவில்லை. அதே காலத்தில்தான், 1992 இல், சஃபொக் மாவட்டத்தின் ஹொக்ஸ்ன் வயலில் ரோமானியப் புதையல் ஒன்று கிடைத்தது. அதில் வெள்ளியில் செய்த மிளகுச் சிமிழ்கள் நான்கு. ஒன்று அலங்காரம் செய்த ஒரு சீமாட்டியின் உருவம். இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வட இங்கிலாந்தில், ரோமானிய எல்லையான ஹேட்ரியன் சுவருக்குப் பக்கத்து விண்டொலாண்டா கோட்டையில் கிடைத்த மரப்பலகைக் கணக்கு ஒன்றில் கம்பாக்ஸ் என்ற ஆளின் பெயருக்கு நேரே மிளகு, இரண்டு தெனாரியஸ் என்று எழுதியிருக்கிறது. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிக்கேயில் ஒரு கோயிலில் புதைத்திருந்த இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு. வியன்னாவில் இருக்கும் பாப்பிரஸ் தாள் ஒன்றில் சேரர் துறைமுகமான முசிறியோடு தொடர்புடைய கடன் ஒப்பந்தமும் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கும் இருக்கின்றன. ரோமானிய எழுத்தாளர் பிளினி என்னவென்றால், இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசை உறிஞ்சுகிறது என்று புலம்பிவைத்திருக்கிறார்.

இதையெல்லாம் நான் ஈஸ்ட் ஹாமில் எங்கள் மளிகைக் கடை அண்ணையிடம் சொன்னேன். மிளகுப் பக்கெற்றுக்கு விலை ஒட்டிக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் சரி, றாத்தல் என்ன விலை போனது?"

முப்பது வருடத்தில் என் படிப்பைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி. விடையும் இருந்தது. கறுத்த மிளகு றாத்தல் நான்கு தெனாரியஸ், வெள்ளை ஏழு, திப்பிலி பதினைந்து என்று பிளினி எழுதியிருக்கிறார். அன்றைய ரோமானியப் போர்வீரனின் வருடச் சம்பளம் 225 தெனாரியஸ் என்றேன். அண்ணை மனக்கணக்குப் போட்டார். அவர் சீமா படித்தவர்.

"றாத்தலுக்கு ஆறரை நாள் சம்பளம். அப்ப எல்லையில நிண்டவன் அரை றாத்தல்தான் வாங்கியிருப்பான்" என்றார்.

வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். இரண்டு தெனாரியஸ், அரை றாத்தல். பிளினிக்கும் விண்டொலாண்டாவுக்கும் இடையில் சில பத்தாண்டுகள், ரோமுக்கும் வட இங்கிலாந்துக்கும் விலை வித்தியாசம் என்று ஆயிரம் ஆட்சேபம் சொல்லலாம். சொல்லி என் அடுத்த ஒப்படைப்பில் அதை ஒரு பந்தியாக எழுதினேன். நல்ல புள்ளி வந்தது.

இலங்கையில் இன்றைக்கும் உயர்தரப் பரீட்சையில் 'கிரேக்க உரோம நாகரிகம்' என்று ஒரு பாடம் உண்டு; தமிழிலேயே படிக்கலாம். அதையும் தாண்டி ஆசை உள்ளவர்களுக்கு: ஓ.யூ. 2006 முதல் ஓப்பன்லேர்ன் என்ற பெயரில் இலவசப் பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. லத்தீனுக்கும் பழங்கிரேக்கத்துக்கும் தொடக்கப் பாடங்கள் அங்கே இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் படிக்கலாம், வயதெல்லை கிடையாது. காசு வாங்காத படிப்பாகையால், படித்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்க ஒருவருக்கும் உரிமை கிடையாது.